பொருள்: ‘டைவர்ஷன்’ என்பதற்கு ‘மடைமாற்றம்’ பொருந்துமா?

அன்புடையீர்,

சட்டவிரோத ஆயுத வணிகத்தைத் தடுக்கும் பன்னாட்டு ஆவணங்களுக்கான சொற்பட்டியலில், ‘ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதற்குச் சிற்றாயுதம் என்றும் ‘லைட் வெப்பன்ஸ்’ என்பதற்கு இலகுரக ஆயுதம் என்றும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டிருப்பதில் மகிழ்ச்சி. முன்னது ஒருவர் தனியாகக் கையாளும் துப்பாக்கி; பின்னது சிலர் குழுவாகச் சேர்ந்து இயக்குவது. ஐ.நா. நிபுணர் குழு 1997இல் வகுத்த இந்த வேறுபாட்டை இவ்விரு சொற்களும் தாங்கும் என்பதால், அவற்றை மேலும் கிளற வேண்டியதில்லை.

ஆனால் முறைப்படி அனுப்பிய ஆயுதம் இடையில் உரியவரல்லாதவர் கைக்குப் போவதைக் குறிக்கும் ‘டைவர்ஷன்’ என்பதையும் ‘கடத்தல்’ என்றே வைத்துவிடலாம் என்று நேற்று நண்பர் ஒருவர் எழுதியதை என்னால் ஏற்க இயலவில்லை. கடத்தல் என்றதும் நம் மனத்தில் எழுவது, தொடக்கம் முதலே ஒளித்துக் கொண்டுபோகப்படும் சரக்கு. சிற்றாயுதங்களின் கதை பல நேரங்களில் அப்படித் தொடங்குவதில்லை. 1999 மார்ச்சில் உக்ரைனிலிருந்து 68 டன் ஆயுதங்களும் தோட்டாக்களும் பர்கினா பாசோவின் தலைநகரான உவாகாடூகுவில் வந்திறங்கின. அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகமே இறுதிப் பயனர் என்று சான்றிதழ் சொன்னது. சில நாட்களில் அதே சரக்கு வேறொரு விமானத்தில் ஏறி, ஐ.நா. ஆயுதத் தடையின் கீழ் இருந்த லைபீரியாவைச் சென்றடைந்ததை, சியரா லியோன் குறித்து ஆராய்ந்த ஐ.நா. வல்லுநர் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. உரிய தாள்களோடு ஒரு நாட்டுக்குப் போன ஆயுதம் அங்கிருந்து வேறு கைக்கு மாறிய அந்தத் திருப்பத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட ஆயுத வணிக ஒப்பந்தம் இதற்கென்றே 11ஆம் பிரிவை ஒதுக்கியிருக்கிறது. ஏற்றுமதி செய்யும் நாடு, அனுமதி வழங்கும் முன்பே இந்த அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் ‘கடத்தல் அபாயம்’ என்று பெயர்த்தால், பொறுப்பு முழுவதும் எல்லையில் நிற்கும் சுங்க அதிகாரியுடையது என்று வாசகர் எண்ணிவிடுவார். உரிமத்தில் கையெழுத்திடுபவர் தப்பித்துக்கொள்வார். ஒரு சொல் இவ்வளவு பெரிய பொறுப்பை இடம் மாற்றிவிடும் என்பதாலேயே இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

‘திசைதிருப்பல்’ கவனத்தைத் திருப்புவதற்கே பழகிப்போய்விட்டது. ‘கசிவு’ என்பதில் செய்தவர் எவரும் இல்லை. எனவே ‘மடைமாற்றம்’ என்பதை முன்வைக்கிறேன். ஒரு வயலுக்கென வாய்க்காலில் விட்ட நீரை இடையில் மடையை மாற்றி வேறு வயலுக்குப் பாய்ச்சுவதுதான் அதன் மூலப்பொருள். ஒரு திட்டத்துக்கான நிதியை வேறொன்றுக்கு மடைமாற்றியதாக நாளிதழ்கள் எழுதுவதும் அதே பொருளில்தான். முறையான ஓட்டம், நடுவில் ஒரு கை, உரியவரல்லாத ஒருவரிடம் போய்ச் சேர்தல் ஆகிய மூன்றும் அச்சொல்லுக்குள் இருக்கின்றன.

கிடங்குக் கொள்ளைக்கு இது பொருந்துமா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1997இல் அல்பேனியாவில் அரசு நிலைகுலைந்தபோது மக்கள் படைக்கிடங்குகளுக்குள் புகுந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிச் சென்றனர்; அது மடையை மாற்றியது அன்று, கரையே உடைந்தது. அங்கே என் சொல் சற்றுத் தளர்வாகவே பொருந்துகிறது. ஆயினும் பன்னாட்டு ஆவணங்கள் இவ்விரு வகை நிகழ்வுகளையும் ஒரே சொல்லால் குறிப்பதால், நாமும் ஒரே சொல்லை வைத்துக்கொள்வதே மொழிபெயர்ப்போருக்கு உதவும்.

பிடிபட்ட ஆயுதம் வந்த வழியைப் பதிவேடுகள் மூலம் கண்டறியும் ‘டிரேசிங்’ என்பதோடு இணைத்துப் பார்த்தால் இச்சொல்லின் பயன் இன்னும் தெளிவாகும். பிடிபட்ட துப்பாக்கியின் உலோக உடலில் உற்பத்தியாளர் பெயர், நாடு, வரிசை எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் அரத்தால் தேய்த்து அழிப்பார்கள். ஆனால் எண்ணை அடித்துப் பொறித்த விசையில் அடியிலுள்ள உலோகமும் நசுங்கியிருக்கும் என்பதால், மேற்பரப்பை மெருகேற்றி அமிலம் தடவினால் மங்கலாகவேனும் எண் மீண்டும் தெரிவதுண்டு. அந்த எண்ணைக் கொண்டு, 2005இல் பொதுச்சபை ஏற்ற தடங்காணல் ஆவணத்தின்படி, உற்பத்தி அல்லது இறக்குமதி தொடங்கி, ஆயுதம் எங்கே சட்டத்துக்குப் புறம்பானதோ அந்தப் புள்ளிவரை பதிவேடுகள் வழியே நடந்துபோக வேண்டும். அந்தப் புள்ளியையே மடைமாறிய இடம் என்கிறேன்.

மடைமாற்ற அபாயம், மடைமாற்றத் தடுப்பு, மடைமாற்றப்பட்ட ஆயுதம் என்று தொடர்கள் இயல்பாகவே கிளைக்கின்றன. எல்லை தாண்டிய உரிமமற்ற விற்பனைக்கும் நகர்த்தலுக்கும் ‘கடத்தல்’ அப்படியே இருக்கட்டும். ‘டிரேசிங்’ என்பதற்குத் தடங்காணலா, தடமறிதலா என்பதில் எனக்கு உறுதியான சாய்வு இல்லை. காவல் துறை ஆவணங்களை மொழிபெயர்க்கும் நண்பர்கள் தங்கள் வழக்கத்தைத் தெரிவித்தால் அதையே ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.