புதுப்பிப்பு: பாதிப் பறப்பில் இன்ஜின் அடங்கிய கதை, குற்றவாளி டேங்க்தான்

நடுவில் நின்று கம்பி பிடித்துச் சுற்றும் என் கன்ட்ரோல் லைன் மாதிரி விமானத்தில், எரிபொருள் டேங்க் பாதி காலியானதும் இன்ஜின் வேகம் எகிறி, அப்புறம் நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வைச் சந்தேகித்து அதையும் மாற்றிவிட்டேன். வீண் வேலை.

அதைப் படித்த நீங்கள், ஓட்டை இருக்கிறதா என்று டேங்கைத் தண்ணீரில் அமுக்கி, சிரிஞ்சால் காற்று செலுத்திப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், ஒரு குமிழி கூட வரவில்லை. வராததற்குக் காரணம், விரிசல் உள்ளே இருந்தது! வெந்நீரால் பலமுறை அலசி, நன்றாகக் காயவிட்டு (எரிபொருளில் உள்ள மெத்தனாலின் ஆவி இருக்கும்போது சூடு காட்டவே கூடாது) டேங்கின் பின்தகட்டைச் சூடாக்கிக் கழற்றினேன். எரிபொருளை உறிஞ்சும் பித்தளைக் குழாயில், முன்தகட்டை ஒட்டி, மயிரிழை போல ஒரு கீறல்.

சுற்றும்போது எரிபொருள் வட்டத்தின் வெளிப்பக்கச் சுவரில் ஒதுங்கிவிடும். டேங்க் நிறைந்திருக்கும்வரை கீறல் மூழ்கியே இருந்தது. மட்டம் குறைந்ததும் வெளியே தெரிந்து, காற்றை இழுத்திருக்கிறது. கலவையில் எரிபொருள் குறைந்து, வேகம் எகிறியது அதனால்தான்.

புதுக் குழாய் வைத்து, அதிர்வில் ஆடாதபடி நடுவில் ஒரு தகரத் துண்டால் சுவரோடு சாலிடர் செய்தேன். நேற்று நான்கு பறப்பு, நான்கிலும் கடைசிச் சொட்டுவரை இன்ஜின் சத்தம் மாறவே இல்லை.

ஆனால் தலைகீழாகப் பறக்கும்போது சுற்று கொஞ்சம் வேகமாக முடிகிறது. டேங்கை ஸ்ப்ரேபாருக்கு (இன்ஜினுக்குள் எரிபொருளை விடும் குழாய்) சற்று மேலே மாட்டிவிட்டேன் போல; தலைகீழானதும் டேங்க் அதற்குக் கீழே போய், எரிபொருள் குறைகிறது. அடியில் வைத்த ஃபோமைக் குறைத்து இறக்கிப் பார்க்க வேண்டும்.