26ஆம் தேதி வளைய கிரகணம், ட்ரயல் எடுத்தா சூரியன் ரெண்டா வருது, யாராவது ஹெல்ப் பண்ணுங்க

மலைக்கோட்டை_பையன் | டிசம்பர் 22, 2019, ராத்திரி

எல்லாருக்கும் வணக்கம். வர்ற வியாழக்கிழமை கிரகணம் எங்க திண்டுக்கல்லுல முழு வளையமாவே தெரியுமாம், வெளியூர் எங்கயும் போகவேண்டாம் மொட்டை மாடியே போதும்னு சந்தோஷத்துல இருக்கேன். கேமரா கேனான் 1500டி, 55-250 லென்ஸ், ட்ரைபாட் ஒண்ணு இருக்கு ஆனா கொஞ்சம் ஆடும். சோலார் ஃபிலிம் (லென்ஸ் முன்னாடி மாட்டற, சூரிய வெளிச்சத்தைக் குறைக்கற ஃபில்டர் தாள்) ஆன்லைன்ல ஆர்டர் போடப்போனா 30ஆம் தேதிதான் வருதாம், அப்ப வந்து என்ன பண்றது. அதனால ஒரு கிரகணக் கண்ணாடிய பிரிச்சு, அதுல இருக்கற ரெண்டு கருப்புத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு செல்லோடேப் ஒட்டி, லென்ஸ் முன்னாடி ரப்பர் பேண்ட் போட்டு கட்டிட்டேன்.

இன்னைக்கு காலையில ட்ரயல் பாத்தா சூரியன் வெள்ளையா வெளிறிப்போய் வருது, அதை ஒட்டி மங்கலா இன்னொரு சூரியன், சுத்தி புகை மாதிரி. ஃபோகஸ் முன்னாடி பின்னாடி ஓடிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது.

அப்புறம் வளையம் வர்ற 3 நிமிஷம் மட்டும் ஃபில்டர கழட்டிட்டு எடுக்கணும்னு ஒரு ஆர்ட்டிக்கிள்ல படிச்சேன். ரப்பர் பேண்டுன்னா டக்குனு கழட்டி மாட்ட வசதிதானே?

தனுஷ்கோடி2010

தம்பி, படம் கிடக்கட்டும், மொதல்ல அந்த கடைசி கேள்வி. கழட்டாதே. நீ படிச்சது 2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல வந்த முழு கிரகணத்துக்கு எழுதினதா இருக்கும், அங்க நிலா சூரியனை மொத்தமா மூடிரும், அந்த ரெண்டு நிமிஷம் கழட்டலாம். இது வளைய கிரகணம்ப்பா, நிலா தூரத்துல இருக்கறதால சூரியனோட விட்டத்துல 97 சதவீதம்தான் மறைக்கும். மிச்சம் இருக்கற அந்த ஓரம் கொஞ்சம்தானேன்னு நெனைக்காத, அதுல ஒவ்வொரு புள்ளியும் எப்பவும் இருக்கற அதே சூரியன், சூடு வெளிச்சம் எதுவும் குறையாது. 8 மணி தாண்டி ஆரம்பிச்சு 11¼ வாக்குல முடியற வரைக்கும் ஃபில்டர் லென்ஸ் மேலயே இருக்கணும்.

ரப்பர் பேண்டும் வேணாம். 2010 ஜனவரி 15 நாங்க தனுஷ்கோடி மணல்ல நின்னு எடுத்தோம், அப்ப வளையமே 10 நிமிஷம் கிட்ட நின்னுச்சு. பக்கத்துல ஒருத்தர் உன்னை மாதிரிதான் ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தார், கடல் காத்துக்கு ஃபில்டர் பறந்தே போச்சு. நல்லவேளை மனுஷன் அந்நேரம் டீ குடிச்சிட்டு இருந்தார், கண்ணு வியூஃபைண்டர்ல, அதான் கேமராவுல கண்ணை வச்சுப் பாக்கற ஓட்டையில, இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நெனச்சுப் பாப்பேன்.

லென்ஸ்பைத்தியம்

ரெண்டு சூரியனுக்கு காரணம் நீங்க நடுவுல போட்ட ஒட்டா இருக்கலாம் ப்ரோ. ரெண்டு தாளும் ஒட்டும் ஒரே சீரா உக்காராது. புகை மாதிரி இருக்கறது ஓரத்துல செல்லோடேப் வழியா கசியற வெயில், இது கேமராவுக்கும் கண்ணுக்கும் ரெண்டுக்குமே டேஞ்சர், அதை அப்படியே பிச்சுப் போட்டுருங்க.

ஒரே ஒரு தாள் போதும். தடிமனான கருப்பு அட்டையில லென்ஸ் வாய்க்கு சரியா உக்கார்ற மாதிரி மூடி செய்யுங்க, நடுவுல 3 செமீ ஓட்டை போடுங்க, உள்பக்கமா அந்தத் தாள வச்சு நாலு பக்கமும் கருப்பு டேப் ஒட்டுங்க. ஓட்டை சின்னதாச்சேன்னு கவலைப்படாதீங்க, 250 மிமீக்கு 3 செமீன்னா லென்ஸ் திறப்பு கணக்குக்கு எஃப்/8 கிட்ட வரும், நமக்கு அதுவே தேவையான அளவு. மாட்டறதுக்கு முன்னாடி இருட்டு ரூம்ல எல்இடி பல்பு முன்னாடி பிடிச்சுப் பாருங்க, ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் குப்பைதான்.

வெளிறிப் போறது ஆட்டோ மோட்ல எடுக்கறதால. ஃப்ரேம் பூரா கருப்பு, கேமரா அதைப் பாத்துட்டு ஐயோ இருட்டுன்னு எக்ஸ்போஷர ஏத்திருது. மேனுவல் போங்க, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/500ல ஆரம்பிச்சு 1/250 1/1000 1/2000னு எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு எடுத்துப் பாருங்க. கிரகணக் கண்ணாடி மாட்டிக்கிட்டு வியூஃபைண்டர் வழியா பாக்கவே பாக்காதீங்க, லைவ் வியூ (கேமரா பின்பக்க ஸ்க்ரீன்) மட்டும்தான்.

மலைக்கோட்டை_பையன்

ரொம்ப நன்றிண்ணே, கழட்டற ஐடியாவ விட்டாச்சு. எங்க சித்தப்பா பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ம ரெண்டா மடிச்சா போதும்டா, நாங்க அந்தக் காலத்துல அப்படித்தான் பாத்தோம்ங்கிறார், அது ஓகேவா? ஃபோகஸ் இன்னும் ஓடுது.

தனுஷ்கோடி2010

சித்தப்பாவுக்கு நல்ல கிரகணக் கண்ணாடி ஒண்ணு வாங்கிக் குடு. எக்ஸ்ரே இருட்டாதான் தெரியும், ஆனா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பாட்டுக்கு உள்ள வந்துட்டிருக்கும். விழித்திரைக்கு வலியே தெரியாதுப்பா, சுட்டா கையை எடுத்துருவோம், அங்க அந்த மாதிரி ஒண்ணும் கிடையாது. சிடி, புகை பிடிச்ச கண்ணாடி, ரெண்டு கூலிங்கிளாஸ் மேல மேல, எல்லாமே அதே கதைதான்.

லென்ஸ்பைத்தியம்

ஃபோகஸ் ஓடத்தான் செய்யும், இப்ப சூரியன்ல புள்ளிகள் ரொம்பக் குறைஞ்ச காலம், வழுவழுன்னு தட்டு மாதிரி இருக்கு, கேமரா எதைப் பிடிக்கும் பாவம். எம்எஃப்ல (மேனுவல் ஃபோகஸ்) வச்சுட்டு லைவ் வியூல 10 மடங்கு பெருசாக்கி சூரியனோட விளிம்பு கத்தி மாதிரி தெரியற வரைக்கும் ரிங்க மெதுவா திருப்புங்க, அப்புறம் ரிங் மேல ஒரு டேப் ஒட்டிருங்க. ட்ரைபாட்ல இருக்கும்போது ஐஎஸ் (கை நடுக்கத்தைச் சரிபண்ற வசதி) ஆஃப்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. 250 மிமீ ஜூம்ல சூரியன் சென்சார்ல 2.3 மிமீதான் விழும், உங்க கேமராவுல சுமார் 620 பிக்சல். நிலா 97 சதவீதம் மறைச்சா பக்கத்துக்கு மிஞ்சற வளையம் 10 பிக்சல் கூட வராது, ஃபோகஸ் லேசா பிசகினாலும் வளையம் கரைஞ்சு சாம்பிராணி புகையாயிரும். ட்ரைபாட் நடுக்கம்பில செங்கல் பையக் கட்டித் தொங்கவிடுங்க, 2 செகண்ட் டைமர்ல எடுங்க.

பால்கனி_அக்கா

நீங்கல்லாம் கேமரா பேசறீங்க, நான் இட்லித்தட்டு பேசறேன். எங்க பசங்களுக்கு தட்டை வெயில்ல பிடிச்சு கீழ தரையில விழற ஓட்டை வெளிச்சத்தைத்தான் காட்டப் போறேன், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குட்டி சூரியன். வேப்பமர நிழலையும் பாருங்க, இலை இடுக்கு வழியா தரையெல்லாம் பிறை பிறையா விழும், அதை ஃபோன்லயே எடுக்கலாம், ஃபில்டரே வேண்டாம், சூரியனுக்கு முதுகு காட்டி நிக்கறதால ஆபத்தும் இல்ல. எங்க ஆச்சி மஞ்சத்தண்ணி வாளியில பாக்கச் சொல்லும், அதை மட்டும் பண்ணாதீங்க, தண்ணியில தெரியற சூரியனும் கூசற சூரியன்தான்.

சும்மாவந்தேன்

கிரகண நேரத்துல வெளிய போகக்கூடாதுன்னு இங்க யாரும் சொல்லலையா

பால்கனி_அக்கா

உள்ளயே இருங்க, போட்டோ அனுப்பறோம் 😄

மலைக்கோட்டை_பையன் | டிசம்பர் 26, 2019, சாயங்காலம்

கிடைச்சிருச்சு!!! அட்டை மூடி அசையவே இல்ல, தென்கிழக்கு பக்கம் தண்ணி டேங்க் மறைக்கும்னு நேத்தே பாத்து இடத்த மாத்தி வச்சிருந்தேன். 9.30 வாக்குல வளையம் வந்தப்ப கை நடுங்கிருச்சு, டைமர் மட்டும் இல்லன்னா எல்லாம் போயிருக்கும். நடுவுல மெல்லிசா மேகம் வந்துச்சு, இதுதான் மங்கலா இருக்கே கழட்டிரலாமான்னு ஒரு செகண்ட் சபலம், அண்ணன் சொன்ன அந்த டீ குடிச்ச ஆள் ஞாபகம் வந்து விட்டுட்டேன், ஷட்டர மட்டும் 1/125க்கு இறக்கினேன். வளையம் 14 ஷாட், அதுல 5 ஷார்ப். சித்தப்பா கண்ணாடி போட்டுத்தான் பாத்தார், ஆனா எக்ஸ்ரேல இதைவிட நல்லா தெரியும்னு இன்னும் சொல்லிட்டே இருக்கார். அந்த அட்டை மூடிய அடுத்த கிரகணத்துக்கு பீரோவுல பத்திரமா வச்சிட்டேன்.

தனுஷ்கோடி2010

படம் அட்டகாசம் தம்பி. நம்ம பக்கம் அடுத்த வளையம் 2031 மே 21, மதுரை பக்கமா போகுது. மூடிய தூக்கிப் போட்டுரு, அதுக்குள்ள அந்தத் தாள்ல எத்தனை கீறல் விழும்னு யாருக்குத் தெரியும், அப்ப புது ஃபிலிம் வாங்கிக்கலாம். அடுத்த தடவை ஒரு மாசம் முன்னாடியே ஆர்டர் போடு.