திருவாதிரை சிவப்பு, ரைஜெல் நீலம், ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது எப்படி?

அரைத்தூக்கம்:

ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இரண்டு நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப்போயிருக்கிறேன். ஒரு மூலையில் திருவாதிரை, அதாவது பெடல்ஜூஸ். அதற்கு எதிர்மூலையில் ரைஜெல். முதலாவது நன்றாகவே ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டாவது நீலம் கலந்த வெள்ளை. நீலம் என்றால் சூடு அதிகம், சிவப்பு என்றால் சூடு குறைவு என்று படித்திருக்கிறேன். சரி, சூடு அதிகம் என்றால் வெளிச்சமும் அதிகமாக இருக்க வேண்டுமே? கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட சமமாகத்தான் தெரிகின்றன. ஒருவேளை சிவப்பு பக்கத்தில் இருக்கிறதோ என்று தேடினால், திருவாதிரைக்கு ஐந்நூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டு என்று ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள், ரைஜெலுக்கு எண்ணூற்றுச் சொச்சம். இந்த வித்தியாசம் போதாது.

அப்புறம் சூரியன் ஜி வகை, ரைஜெல் பி, திருவாதிரை எம் என்கிறார்கள். வரிசை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று போகிறது. இது எந்த ஊர் அகரவரிசை? அங்கே போய் யாரும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை, வெப்பநிலை மட்டும் எப்படித் தெரியும்?

குறுக்கெழுத்து:

திருவாதிரை ராட்சச சைஸ். அவ்வளவுதான் விஷயம்.

நான்காம்படி:

மேலே சொன்னது சரிதான், ஆனால் "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டால் கேள்வி கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. கணக்கே போட்டுவிடலாம்.

ஒரு நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டர் எவ்வளவு ஆற்றலை வெளியே அனுப்பும் என்பது வெப்பநிலையின் நான்காவது படியைப் பொறுத்தது. வெப்பநிலை இரண்டு மடங்கு ஆனால் ஆற்றல் பதினாறு மடங்கு. ரைஜெலின் மேற்பரப்பு சுமார் 12,000 கெல்வின், திருவாதிரை சுமார் 3,500. ஒன்றை ஒன்றால் வகுத்து நான்காவது படிக்கு ஏற்றிப் பாருங்கள், 140-க்குப் பக்கத்தில் வரும். அதாவது சதுர மீட்டருக்குச் சதுர மீட்டர் ஒப்பிட்டால் திருவாதிரை ரைஜெலின் முன்னால் ஒன்றுமே இல்லை, உங்கள் சந்தேகம் அந்த அளவில் முழுக்க நியாயம்தான். ஆனால் மொத்த வெளிச்சம் என்பது ஒரு சதுர மீட்டர் தருவதை மொத்தப் பரப்பால் பெருக்கினால் வருவது, பரப்போ ஆரத்தின் இருமடியாக ஏறும். ஆரம் பன்னிரண்டு மடங்கு இருந்தாலே 140 மடங்கு நஷ்டமும் ஈடாகிவிடும். திருவாதிரையின் ஆரம் சூரியனைப்போலச் சுமார் 700 மடங்கு அல்லது அதற்கும் மேல், ரைஜெல் எழுபது எண்பது மடங்கு. இரண்டும் சூரியனைவிட லட்சம் மடங்கு என்ற அளவில் ஆற்றலைக் கொட்டுகின்றன. வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு திருத்தமும் உண்டு. திருவாதிரை கொட்டுவதில் பெரும்பகுதி அகச்சிவப்பு, நம் கண்ணுக்கு அது கணக்கிலேயே வராது. அகச்சிவப்பு பார்க்கும் கண் நமக்கு இருந்திருந்தால் ஓரியனில் ரைஜெலை யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

கோடுவாசகன்:

எழுத்து வரிசைக்கு நான் வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

நட்சத்திர வெளிச்சத்தைப் பட்டகம் வழியாகப் பிரித்தால் நிறமாலை கிடைக்கும், அதில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் இருக்கும். 1890-இல் ஹார்வர்டில் பிக்கரிங்கும் வில்லியமினா ஃப்ளெமிங்கும் வெளியிட்ட பட்டியலில் ஹைட்ரஜன் கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து ஏ, பி, சி என்று எழுத்து போட்டார்கள். கோடு பலமாக இருந்தால் ஏ. அப்போது அந்த வரிசைக்கும் வெப்பநிலைக்கும் சம்பந்தம் இல்லை. பிறகு அதே இடத்தில் ஆனி ஜம்ப் கேனன் மற்ற கோடுகளும் சீராக மாறும்படி வரிசையைக் கலைத்து அடுக்கினார், தேவையில்லாத எழுத்துகள் விழுந்தன, மிஞ்சியது நீங்கள் சொன்ன ஏழு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை உட்பிரிவு. லட்சக்கணக்கான நட்சத்திரங்களுக்கு அவர் கண்ணால் பார்த்தே வகை சொன்னார், அவர் வகைப்படுத்திய ஹென்றி டிரேப்பர் பட்டியலில் மட்டும் இரண்டே கால் லட்சம் இருக்கின்றன.

இந்த வரிசை ஏன் வேலை செய்கிறது என்று ஒரு சமன்பாட்டோடு சொன்னவர் நம் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா, 1920-இல். ஒரு கோடு பலமாக இருந்தால் அந்தத் தனிமம் அதிகம் என்று அர்த்தம் இல்லை, அந்த வெப்பநிலையில் அணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்றுதான் அர்த்தம். நாம் பார்க்கும் ஹைட்ரஜன் கோடுகள் வர எலெக்ட்ரான் இரண்டாம் மட்டத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த நட்சத்திரத்தில் எலெக்ட்ரான் எல்லாம் அடிமட்டத்தில் கிடக்கும், மிகச் சூடானதில் அணுவை விட்டே ஓடிவிடும், சுமார் 10,000 கெல்வினில்தான் தோதாக அமைகிறது. அதனால்தான் ஏ வகையில் கோடு உச்சத்தில் நிற்கிறது, ஓ-விலும் எம்-மிலும் மங்குகிறது. ஓ வகையில் தெரிவது அயனியான, அதாவது எலெக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் கோடுகள், எம் வகையில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறின் கோடுகள். மூலக்கூறு உடையாமல் இருக்கிறது என்றாலே அங்கே சூடு குறைவு என்று புரிந்துவிடும். உங்கள் தெர்மாமீட்டர் இதுதான். சாகாவின் சமன்பாட்டை வைத்துக்கொண்டு 1925-இல் வானியலாளர் சிசிலியா பெய்ன் நட்சத்திரங்களில் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று கண்டார். பெரிய ஆட்கள் நம்பாததால் தன் ஆய்வேட்டிலேயே அந்த முடிவைச் சந்தேகத்துக்குரியது என்று எழுத வேண்டியிருந்தது, எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

அரைத்தூக்கம்:

அருமை, ரொம்ப நன்றி. ஆனால் இப்போது வேறு சிக்கல். பெரியது, சிறியது என்று சொல்ல மொத்த வெளிச்சம் தெரிய வேண்டும், அதற்குத் தூரம் தெரிய வேண்டும். திருவாதிரைக்குத் தூரமே உறுதியில்லை என்கிறபோது அது ராட்சசன் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? நட்சத்திர வெளிச்சத்துக்குக் கொடுக்கும் மேக்னிட்யூட் என்ற எண்ணும் தலைகீழாக இருக்கிறது, எண் குறைந்தால் வெளிச்சம் அதிகமாம்.

நான்காம்படி:

மேக்னிட்யூட் தலைகீழாக இருப்பதற்குப் பழி பழைய கிரேக்கர்கள் மேல். பளிச்சென்று தெரிபவை முதல் தரம், கண்ணுக்கு எட்டும் கடைசி மங்கல் ஆறாம் தரம் என்று பிரித்தார்கள். 1856-இல் போக்சன் அதற்குக் கணக்கு கொடுத்தார்: ஐந்து எண் வித்தியாசம் என்றால் வெளிச்சம் சரியாக நூறு மடங்கு, ஓர் எண்ணுக்குச் சுமார் 2.5. சிரியஸ் −1.46, கனோபஸ் −0.74, வேகா கிட்டத்தட்ட 0. இதெல்லாம் இங்கிருந்து தெரிவது மட்டும். எல்லாவற்றையும் 32.6 ஒளியாண்டு தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் எப்படித் தெரியும் என்பது தனி எண், அதில்தான் உண்மை வெளிவரும். சூரியன் 4.8, வெறும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சாதாரண ஆள். சிரியஸ் 1.4. கனோபஸோ −5.6 என்று பல நூறு மடங்கு மேலே போய்விடும். வானத்தில் சிரியஸ் ஜெயிப்பது 8.6 ஒளியாண்டில் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதால்தான், கனோபஸ் 300 ஒளியாண்டுக்கும் மேல்.

கோடுவாசகன்:

ராட்சசன் கேள்விக்கும் கோட்டிலேயே பதில் இருக்கிறது. அதே வெப்பநிலையில் ஒரு சின்ன நட்சத்திரமும் ஊதிப்போன நட்சத்திரமும் இருந்தால், சின்னதன் மேற்பரப்பில் வாயு அழுத்தம் அதிகம், அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று தொந்தரவு செய்யும், கோடு அகன்று தெரியும். ஊதிப்போனதில் மேலடுக்கு வெற்றிடம் மாதிரி, கோடு மெலிந்து கூர்மையாக இருக்கும். ஏ, பி வகைகளில் ஹைட்ரஜன் கோட்டை வைத்தே சொல்லலாம், குளிர்ந்த வகைகளில் வேறு சில தனிமங்களின் கோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். 1943-இல் மார்கன், கீனன், கெல்மன் மூவரும் இதை ரோமன் எண்ணாக்கி எழுத்துக்குப் பின்னால் ஒட்டினார்கள். ஒன்று மீராட்சசன், மூன்று ராட்சசன், ஐந்து சூரியனைப்போல உள்ளே ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் சாதாரண நட்சத்திரம். சூரியன் ஜி2, கூட ரோமன் ஐந்து. திருவாதிரைக்கும் ரைஜெலுக்கும் ரோமன் ஒன்று. தூரத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இது மாறாது. சொல்லப்போனால் இப்படி வகையைப் பார்த்து உண்மையான வெளிச்சத்தை ஊகித்து, அதிலிருந்து தூரத்தையே கணக்கிடுவதும் உண்டு.

தூசித்தடம்:

எல்லாம் சரி, நிறத்தை மட்டும் கண்மூடித்தனமாக நம்பாதீர்கள். இடையில் தூசி இருந்தால் அது நீலத்தை அதிகம் சிதறடித்துவிடும், சூடான நட்சத்திரம்கூட மஞ்சளாகத் தெரியும். கோடுகள் மாறாது, நிறம் மாறும். அதனால் நிறத்தை நீல வடிகட்டியிலும் பச்சை-மஞ்சள் வடிகட்டியிலும் அளந்து கழிக்கிற பி-வி எண்ணைக் கோடுகள் சொல்லும் வகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், வித்தியாசம் வந்தால் அது தூசியின் கணக்கு. பி-வி வேகாவுக்கு 0, சூரியனுக்கு 0.65, திருவாதிரைக்கு 1.85 பக்கம். திருவாதிரை 2020 பிப்ரவரியில் 1.6 மேக்னிட்யூட் வரை மங்கியபோது வெடிக்கப்போகிறது என்று ஒரே கூச்சல், கடைசியில் அது தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததுதான் முக்கியக் காரணம் என்றார்கள்.

கண்ணால் நிறம் பார்க்க ஒரு வழி: தொலைநோக்கியின் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். புள்ளி சின்ன வட்டமாக விரியும்போது நிறம் நன்றாகத் தெரியும். மங்கலான நட்சத்திரங்களில் முயற்சிக்க வேண்டாம், குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறமே தெரியாது, எல்லாம் வெள்ளைதான்.

அரைத்தூக்கம்:

கடைசியாக ஒன்று. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, நீலம் எல்லாம் இருக்கிறது. பச்சை எங்கே போனது?

நான்காம்படி:

சூரியனே கணக்குப்படி பச்சைதான், அதன் உச்சம் 500 நானோமீட்டர் பக்கம், நீலப்பச்சை. ஆனால் அந்த வளைவு அகலமானது, உச்சம் பச்சையில் இருக்கும்போது இந்தப் பக்கம் சிவப்பும் அந்தப் பக்கம் நீலமும் தாராளமாக வருகின்றன, கண் மூன்றையும் கூட்டி வெள்ளை என்கிறது. உச்சம் ஒரு ஓரத்துக்குப் போனால்தான் நிறம் தலைதூக்கும், அதனால் சிவப்பும் நீலமும் கிடைக்கின்றன, நடுவில் இருக்கும் பச்சைக்கு வாய்ப்பே இல்லை. யாராவது பச்சை நட்சத்திரம் பார்த்தேன் என்றால், பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஜோடியாக இருந்ததா என்று கேளுங்கள். கேட்டை நட்சத்திரத்தின் துணையைப் பச்சை என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அது உண்மையில் பி வகை, நீல வெள்ளை. பக்கத்துச் சிவப்பு கண்ணை அப்படி ஏமாற்றுகிறது.