32 வாரத்துக்கு முன்னாடி பொறந்த நம்ம புள்ளைங்க: உங்க அனுபவத்த சொல்லுங்க

டர்பன் (தென்னாப்பிரிக்கா) அம்மா:
என் பொண்ணு 29 வாரத்துல பொறந்தா, 1.1 கிலோ. அதுக்கு முன்னாடி எனக்கு விடாத தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது, காலோட முகமும் வீங்கிப்போச்சு. மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்னு அத்தை சொன்னாங்க, ஆனா வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பல, கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனார், பிபி 170/110, யூரின்ல புரோட்டீன், அங்கிருந்தே ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரி. புள்ளையோட நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி, எனக்கு ஃபிட்ஸ் வராம இருக்க மெக்னீசியம் ட்ரிப், அது ஏறும்போது உடம்பு பூரா தகதகன்னு எரிஞ்சுது, அதே மருந்து புள்ளையோட மூளைக்கும் பாதுகாப்புன்னு டாக்டர் சொன்னதும் பல்லக் கடிச்சுக்கிட்டேன். ஏழு மாசத்துப் புள்ள பொழச்சுக்கும்னு ஊர்லருந்து அம்மா போன்ல சொல்லிட்டே இருந்தாங்க.

இன்குபேட்டர்ல திடீர்னு மூச்சு விடறதையே மறந்துடுவா. மிஷின் கத்தும், சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்கால்ல விரலால சுண்டுவாங்க, உடனே நெஞ்சு ஏறி இறங்கும். மூச்சு நிக்காம இருக்க காஃபீன் குடுத்தாங்க, ஆமா காப்பில இருக்கற அதே காஃபீன்தான்! அப்புறம் கங்காரு வார்டு, அதாவது கங்காரு மாதிரி புள்ளைய நெஞ்சோட ஒட்டிக் கட்டி வச்சுக்கற வார்டு. பக்கத்து பெட்ல இருந்த ஜூலு இனத்து அம்மாதான் துணிய எப்படி இறுக்கிக் கட்டணும்னு காமிச்சாங்க, அவங்க வழக்கமா முதுகுல கட்டுவாங்க, இங்க நெஞ்சுல, புள்ளைக்கு டயப்பரும் தொப்பியும் மட்டும், தோலோட தோல் ஒட்டி. எடை ஏற ஆரம்பிச்சது அங்கதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அப்பா:
எங்களுக்கு ட்வின்ஸ், 31 வாரம். வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்துடாதீங்க, பொறந்து 4-6 வாரத்துல கண் டெஸ்ட் கட்டாயம் பண்ணுங்க. சின்னவனுக்கு விழித்திரைல ரத்தக்குழாய் தாறுமாறா வளர ஆரம்பிச்சிருந்துச்சு, சீக்கிரம் பாத்ததால லேசர்ல சரியாச்சு.

பீனிக்ஸ் (டர்பன் பக்கம்) நர்ஸ் அக்கா:
பிபி, ரெட்டப் புள்ள, முன்னாடியே குறைப்பிரசவம், இன்ஃபெக்‌ஷன், எச்ஐவி, ரொம்பச் சின்ன வயசு இல்லன்னா 40 தாண்டின வயசு, சிகரெட் இதெல்லாம் இருந்தா குறைப்பிரசவ ரிஸ்க் கூட. ஆனா எதுவுமே இல்லாத அம்மாவுக்கும் வருதும்மா, பல பேருக்கு காரணமே தெரியறதில்ல. அப்படி இருக்க, விசிட்டிங் நேரத்துல சொந்தக்காரங்க வந்து என்னத்த தின்ன, எதத் தூக்குனன்னு அந்தப் பொண்ண நோண்டுறதப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். டர்பன் தங்கச்சி, அடுத்த புள்ளைக்கு பிளான் பண்ணா ஆரம்பத்துலயே டாக்டர்ட்ட ஆஸ்பிரின், கால்சியம் ரெண்டையும் பத்திக் கேளு, இப்படி பிபி வந்தவங்களுக்கு ஆஸ்பிரின 12 வாரத்துலருந்து, 16 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கறது நல்லது. நீயா வாங்கிப் போட்டுக்காத.