40 லட்சத்தில் பழைய சொகுசு எஸ்யூவி: பராமரிப்புச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி (திருப்பூர் வாசகர்):

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் சிறிய பின்னலாடைத் தொழில் நடத்தி வருகிறேன். பதினொரு ஆண்டுகளாக ஓட்டிய காரைக் கொடுத்துவிட்டு, ஏறத்தாழ 5 ஆண்டு பழைய சொகுசு எஸ்யூவி ஒன்றை வாங்குவதென்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். கையில் இருப்பது 40 லட்சம் ரூபாய். பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜிஎல்சி, வோல்வோ எக்ஸ்சி60 ஆகிய மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். பார்த்தவற்றில் பெரும்பாலானவை டீசல்.

ஆண்டுக்கு என்ன செலவாகும் என்று விற்பவர்களிடம் கேட்டால், “சர்வீஸுக்கு ஒரு லட்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒரு லட்சத்துக்குள் எவை அடங்கும், எவை அடங்காது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வீட்டிலிருந்து கம்பெனி 4 கிலோமீட்டர். நாளுக்கு இரண்டு முறை போய் வருவேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சென்னைப் பயணம். ஆண்டுக்கு மொத்தம் 12,000 கிலோமீட்டர் ஓடும். இந்த ஓட்டத்துக்கு எதை வாங்குவது பொருத்தம்?

பதில் 1 (கோவை, ஒர்க்‌ஷாப் நடத்துபவர்):

ஐயா, கடைசியாக நீங்கள் எழுதிய இரண்டு வரிகள்தான் முக்கியம். எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைவிட, அது எப்படி ஓடப்போகிறது என்பதே செலவைத் தீர்மானிக்கும்.

முதலில் ஒரு பொதுக்கணக்கு. புதிதாக 65 லட்சத்துக்கு விற்ற வண்டி ஐந்து ஆண்டில் 40 லட்சத்துக்குக் கைமாறலாம். ஆனால் அதன் ஹெட்லைட்டும், சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்மும், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவும் இன்றும் 65 லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும். சென்னைக்கு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ வண்டிகளின் பாகங்களைப் பூட்டி உருவாக்குகிறார்கள் என்பதால் உதிரிப்பாகம் மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பூட்டுவது இங்கே என்றாலும், விலையுயர்ந்த பாகங்களில் பல வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிப்பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பது மட்டும் உண்மையான ஆறுதல்.

விற்பவர் சொல்லும் ஒரு லட்சத்தில் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலிச் செலவு ஆகியவை அடங்கும். சில ஆண்டுகளில் மிச்சம்கூட ஆகும். அதில் அடங்காதவை, ஐந்தாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை: நான்கு டயர்கள், பிரேக் டிஸ்க்குகள், முன்பக்க சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள், பேட்டரி, கியர் ஆயில். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டியில் ஒரு டயர் கிழிந்துவிட்டால் அதை மட்டும் புதிதாகப் போட முடியாது. தேய்மானத்தில் வேறுபாடு இருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும் என்பதால் இரண்டாகவோ நான்காகவோதான் மாற்ற வேண்டும். எக்ஸ்3-இல் இருப்பது இசட்எஃப் எட்டு கியர் பெட்டி. அதன் ஆயில் ஆயுள் முழுவதும் போதும் என்று கார் நிறுவனம் சொன்னாலும், கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நீங்கள் வாங்கும் வண்டி 70,000 ஓடியிருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இனி உங்கள் 4 கிலோமீட்டருக்கு வருகிறேன். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும்; அதற்கு நெடுஞ்சாலையில் கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். கரியை எரிப்பதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கும்போது நீங்கள் கம்பெனி வாசலில் அணைத்துவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். இப்படி ஓடிய வண்டிகளின் ஆயிலை வடிக்கும்போது, ஊற்றியதைவிட அதிகமாக வடிவதைப் பார்த்திருக்கிறேன். விரலில் தேய்த்தால் வழவழப்பு இருக்காது, முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். அந்த ஆயிலோடு ஓடும் டர்போவின் ஆயுளை நீங்களே கணித்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் ஓட்டத்துக்கு டீசலைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. எக்ஸ்3-இல் 30ஐ, ஜிஎல்சியில் 200, எக்ஸ்சி60-இல் பி5 என்ற பெயர்களில் மூன்றிலும் பெட்ரோல் வண்டி உண்டு. ஓராண்டில் எரிபொருளுக்குக் கூடுதலாகும் தொகை, ஒரு டிபிஎஃப் மாற்றும் தொகைக்கு அருகில்கூட வராது.

பதில் 2 (மதுரை வாசகர்):

மேலே எழுதியவர் சஸ்பென்ஷனைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நான் பட்டதைச் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது வேண்டாம். ஆறு ஆண்டு பழைய வண்டி, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ளது. ஒருநாள் காலையில் போர்ட்டிகோவில் பார்த்தபோது இடப்பக்க முன்மூலை நான்கு விரல் தாழ்ந்திருந்தது. எஞ்சினை இயக்கியதும் மேலே எழும்பிவிட்டதால் பெரிதாக எண்ணவில்லை. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். பிறகு ஒரு மெக்கானிக் சோப்புத் தண்ணீரைத் தெளித்தபோது, காற்றுப்பையின் மடிப்பில் சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. அந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடியதில், பைக்குக் காற்றடைக்கும் கம்ப்ரசரும் போய்விட்டது. அன்றே காட்டியிருந்தால் ஒரு பை. காட்டாததால் பை, கம்ப்ரசர் இரண்டும் சேர்ந்து இரண்டரை லட்சத்துக்கு எஸ்டிமேட்.

எக்ஸ்சி60-இலும் ஜிஎல்சியிலும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளும் இருக்கின்றன, சாதாரண ஸ்பிரிங் உள்ளவையும் இருக்கின்றன. பழைய வண்டி வாங்குபவர் ஸ்பிரிங் உள்ளதையே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பார்க்கப் போகும்போது, முந்தைய இரவிலிருந்து வண்டியை எடுக்காமல் வைக்கச் சொல்லி, விடிந்ததும் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள்.

பதில் 3 (சென்னை, காப்பீட்டுத் துறை):

காப்பீட்டையும் பராமரிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் இணைப்பு, இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இந்த வண்டிகளின் பம்பர் முழுவதும் பிளாஸ்டிக் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஐந்து ஆண்டைக் கடந்த வண்டிக்கு ஜீரோ டெப் தரப் பல நிறுவனங்கள் தயங்கும் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் ஈடு தரும் எஞ்சின் பாதுகாப்பு இணைப்பையும் விடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற வண்டியை இயக்கிப் பார்த்து எஞ்சினை இழந்தவர்களுக்கு, இந்த இணைப்பு இல்லாத சாதாரண பாலிசி உதவவில்லை.

கர்நாடகத்திலோ டெல்லியிலோ பதிவான வண்டி மலிவாகக் கிடைத்தால், இங்கே கட்ட வேண்டிய ஆயுள்வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டீசல் எண்ணத்தை விட்டுவிட்டேன். 32 லட்சத்துக்குள் பெட்ரோல் எக்ஸ்3 கிடைத்தால், மீதி 8 லட்சத்தைத் தொடாமல் வண்டிக்காகவே வங்கியில் போட்டுவைக்கலாம் என்று நினைக்கிறேன். இது சரியான அளவுதானா? நிறுவனத்தின் நீட்டிப்பு வாரண்டி கிடைத்தால் எடுக்கலாமா?

பதில் 1 எழுதியவர்:

முதல் மூன்று ஆண்டுக்கு 8 லட்சம் தாராளம். வாரண்டி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் டயர், பிரேக், புஷ் போன்ற தேயும் பாகங்கள் அதில் வராது. பில்களோடு முழு சர்வீஸ் வரலாறு இருக்கும் வண்டியாகப் பாருங்கள். வாகன எண்ணைக் கொடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு, பழைய ஜாப் கார்டுகளை (செய்த வேலைகளின் பதிவுகளை) பார்க்க முடியும். வாங்கும் எக்ஸ்3-இல் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள்; காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர், காற்றிழந்த பிறகு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம்தான் தாங்கும். சென்னைக்கு இரவில் கிளம்புகிறவர் என்றால் டிக்கியில் ஒரு சிறிய ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் இடம் ஒதுக்கிவிடுங்கள்.