காலையில் வயிற்றுவலி, பத்து மணிக்குச் சரி: பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளையை எப்படித் திரும்ப அழைத்து வருவது?

கேட்டவர்: வகுப்பாசிரியை

எட்டாம் வகுப்பு மாணவி, மூன்று வாரமாக வரவில்லை. எழுந்ததும் வயிற்றுவலி, குமட்டல். பத்து மணிக்கெல்லாம் குறைந்துவிடும். ஞாயிறு பகலில் ஒன்றுமில்லை, இரவில் மறுபடி தொடங்கும். டாக்டர் பரிசோதித்துவிட்டு உடம்பில் குறையில்லை என்கிறார். அம்மா கெஞ்சுகிறார், அப்பா "நடிக்கிறாள்" என்கிறார். பள்ளிக்கு ஆலோசகர் வாரம் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் நான் என்ன செய்யலாம்? முழு நாளும் வரச் சொல்லிக் கண்டிப்பாக நிற்பதா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

பதில் 1: பள்ளி ஆலோசகர்

டீச்சர், முதலில் அப்பாவிடம் பேசுங்கள். வலி பொய்யில்லை. பயம் வந்தால் குடலின் அசைவு மாறும், வயிறு இறுகும், குமட்டும். "நடிக்கிறாய்" என்று கேட்ட பிள்ளை, தன் வலி நிஜம் என்று நிரூபிப்பதிலேயே நாளைக் கழிக்கும். ஆனால் தூக்கத்தைக் கலைக்கும் வலி, எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அடுத்த கேள்வி, வராமல் இருப்பதால் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்பது. 1990-இல் கியர்னி, சில்வர்மேன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் இதை நான்காகப் பிரித்தார்கள். பள்ளியில் ஏதோ ஒன்று தரும் கலக்கத்திலிருந்து தப்பிப்பது, பலர் முன்னால் பேசுவது, பரீட்சை போன்றவற்றிலிருந்து தப்பிப்பது, பெற்றோரின் அருகாமை, வீட்டில் கிடைக்கும் செல்போனும் தூக்கமும். முதல் இரண்டும் தப்பித்தல், பின் இரண்டும் லாபம். ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும். சபை நடுங்கும் பிள்ளையிடம் செல்போனைப் பிடுங்குவதால் மட்டும் ஒன்றும் நடக்காது. பயமே இல்லாத பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதும் அப்படித்தான்.

உங்கள் கேள்விக்கு: கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தினமும். ஒரு தாளில், எதற்கு எவ்வளவு பயம் என்று 0 முதல் 10 வரை ஏணிப்படி போல அவளையே எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக இப்படி வரும்: பள்ளி விட்ட பிறகு சீருடையில் கேட் வரை வருவது 2, ஆலோசனை அறையில் அரை மணி நேரம் 3, பிடித்த பாடத்தின் பீரியட் 5, இடைவேளை 7, எழுந்து நின்று வாசிப்பது 9. மூன்று என்று எழுதிய படியிலிருந்து தொடங்குங்கள். வகுப்புக்கு வரும் கட்டத்தில், கடைசி பீரியடுக்கு மட்டும் வந்து எல்லோரோடும் வீட்டுக்குப் போவது நல்ல தொடக்கம். பிறகு முன்னோக்கி ஒவ்வொரு பீரியடாகக் கூட்டலாம். நாள் எப்போதும் பள்ளி மணியோடுதான் முடியும், வலியோடு முடியாது.

பதில் 2: சிறப்புக் கல்வி ஆசிரியர்

மேலே சொன்னதற்கு முன் ஒரு படி இருக்கிறது. பயப்படும்படி நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா? கேலி, அடி, செல்போனில் மிரட்டல், ஒரு ஆசிரியரின் கடுஞ்சொல் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை நிறுத்தாமல் ஏணி போட்டால், பிள்ளையைத் தப்பிக்க வழியில்லாமல் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். "யாராவது தொந்தரவு செய்கிறார்களா?" என்றால் "இல்லை" என்றுதான் வரும். பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, போகப் பிடித்த இடத்தைப் பச்சையிலும் பிடிக்காத இடத்தைச் சிவப்பிலும் நிரப்பச் சொல்லுங்கள். டாய்லெட்டும் மாடிப்படியும் மட்டும் சிவப்பானால் அங்கே விசாரியுங்கள்.

பழைய நோட்டையும் புரட்டுங்கள். எழுத்துகள் இடம் மாறுவது, வரிகள் விடுபடுவது, வாய்விட்டு வாசிக்கும் நாட்களில் மட்டும் லீவு என்று தெரிந்தால், வாசிப்பில் கற்றல் குறைபாடு உண்டா என்று சோதிக்க வேண்டும்.

வகுப்பாசிரியை

நன்றி. வந்த பிறகு நடுவில் வலி என்று அழுதால்? வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பது கொடுமையாகாதா?

பதில் 3: பள்ளி ஆலோசகர்

பல திட்டங்கள் முறிவது இங்கேதான். பதற்றம் உச்சியிலேயே நிற்காது, தானாக இறங்கும். உச்சியில் இருக்கும்போது அம்மாவை வரவழைத்தால், "வீட்டுக்குப் போனதால்தான் சரியானது" என்று உடம்பு கற்றுக்கொள்ளும். மறுநாள் வலி இன்னும் சீக்கிரம் வரும். அதனால் வெளியேறும் வழியை முன்கூட்டியே பேசி வையுங்கள். மேசையில் ஒரு அட்டை, அதைக் காட்டினால் காரணம் கேட்காமல் அமைதியான அறையில் 10 நிமிடம், பிறகு அதே வகுப்பு. ஒரு நாளுக்கு இரண்டு முறை போதும். தாளில் வந்த நேரம், இருந்த பீரியட், நுழையும்போது பயம் எத்தனை, போகும்போது எத்தனை என்று நான்கே கட்டம். நுழையும்போது 8, போகும்போது 3 என்று தன் கையாலேயே எழுதும் பிள்ளைக்கு நாம் தனியாக ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை இன்னும் சில. கேட்டில் தினமும் ஒரே ஆள் நின்று இரண்டு நிமிடத்தில் அழைத்துப் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். மூன்று வார ஹோம்வொர்க்கை அப்படியே தலையில் கட்டாதீர்கள், அந்தக் குவியலே மறுபடி வராததற்குக் காரணமாகிவிடும். ஒவ்வொரு பாடத்திலும் இன்றியமையாததை மட்டும் தேர்ந்தெடுங்கள். "ஏன் இத்தனை நாள் வரல?" என்று தோழிகள் கேட்பார்கள். "உடம்பு சரியில்ல, இப்ப பரவாயில்ல" என்ற ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். சக ஆசிரியர்களுக்குத் தேவையானது அட்டையும் நேர அட்டவணையும்தான். அவள் உங்களிடம் மனம் விட்டுச் சொன்னதை ஆசிரியர் அறையில் பகிரக் கூடாது.

பதில் 4: பெற்றோர் பயிற்சி தருபவர்

வீட்டுப் பக்கம். வராத நாளிலும் அதே நேரத்தில் எழ வேண்டும். பள்ளி நேரத்தில் செல்போன், டிவி கிடையாது, பாடம்தான். இதைத் தண்டனையாகச் சொல்லாமல், "இது பள்ளி நேரம்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். "வயிறு எப்படி இருக்கு?" என்று அம்மா காலையில் நாலு தடவை கேட்டால் கவனம் முழுக்க வயிற்றில்தான் நிற்கும். ஒரு தடவை, "வலிக்குதுன்னு தெரியும்மா. எட்டரைக்குக் கிளம்பறோம்." அதற்கு மேல் வாதம் வேண்டாம். பிரிவது யாரோடு எளிதோ அவரே கொண்டுவந்து விடட்டும்.

சலுகைகளை நிறுத்திய முதல் சில நாள் அழுகையும் கோபமும் கூடும். "திட்டம் பலிக்கவில்லை" என்று பெற்றோர் கைவிடுவது அப்போதுதான். தொடங்கும் முன்பே இதைச் சொல்லி வையுங்கள். நான் திங்களில் தொடங்க மாட்டேன். புதனில் தொடங்கினால் மூன்று நாள் வெற்றியோடு விடுமுறை வரும். நீண்ட லீவுக்குப் பின் சறுக்கும், அப்போது ஏணியில் இரண்டு படி இறங்கி மறுபடி ஏறலாம்.

பதில் 5: குழந்தை மனநலப் பிரிவில் பணிபுரிபவர்

ஒன்று விட்டுப்போனது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, பிடித்ததிலும் நாட்டமின்மை, தூக்கக் கேடு, உடம்பில் கீறிக்கொண்ட தடம், "நான் இல்லாட்டி நல்லது" என்ற பேச்சு இருந்தால் ஏணி பிறகு. "சாகணும்னு தோணியிருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லியே ஆகணும், யாரிடம் என்ன சொல்லப் போறேன்னு உனக்கு முதல்ல சொல்றேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், பெற்றோரை அன்றே நேரில் வரச் சொல்லுங்கள். வீட்டில் மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் பூட்டி வைக்கச் சொல்லி, மனநல மருத்துவரிடம் அன்றே அனுப்புங்கள். அப்படி எதுவும் இல்லாமல், திட்டம் இரண்டு வாரம் ஒழுங்காக நடந்தும் ஒரு படிகூட நகரவில்லை என்றாலும் அனுப்பலாம். அந்த நான்கு கட்டத் தாளையும் கையில் கொடுத்து அனுப்புங்கள், எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.