கடல் இல்லாத நாட்டில் கண்ட முகங்கள்: நேபாள அனுபவப் பகிர்வு

உப்பளத்தான், தூத்துக்குடி

நேபாளம் போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் பசுபதிநாத், போக்ரா ஏரி, முக்திநாத் என்று கோயில் பட்டியலாகவே இருக்கிறது. அங்கே யாரோடு பேசினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எதில் ஏமாந்தீர்கள் என்று எழுதுங்களேன். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்களுடையது உப்பளக் குடும்பம். மழை பிடித்துவிட்டால் பாத்தியில் வேலை நின்றுவிடும். அந்த ஓய்வில்தான் எங்கேயாவது போக முடியும். 2019 நவம்பரில் போக்ராவிலிருந்து ஜோம்சோம் பக்கம் ஜீப்பில் போனேன். விமானத்தில் இருபது நிமிடம்தான். ஆனால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று எழும்பிவிடும் என்பதால் காலையில் மட்டும்தான் பறக்கும். அன்றைக்கு மேகத்தால் அதுவும் இல்லை. ஜீப்பில் ஒரு பகல் முழுக்க இடுப்பு கழன்றது. ஒரு பக்கம் தௌலாகிரி 8,167 மீட்டர், எதிரே அன்னபூர்ணா 8,091 மீட்டர், நடுவே சாம்பல் நிறத்தில் ஆறு. இந்த மலைகளுக்கு முந்தியது அந்த ஆறு. மலை எழும்ப எழும்ப அது அறுத்துக்கொண்டே கீழே தங்கிவிட்டது.

இருட்டியதும் துக்குச்சே என்ற ஊரில் இறங்கிவிட்டேன். சின்ன ஊர். ஆனால் வீடுகள் ஒவ்வொன்றும் செட்டிநாட்டை நினைவுபடுத்தும் அளவுக்குப் பெரியவை: கல் சுவர், நடுவில் முற்றம், செதுக்கு வேலை செய்த மர ஜன்னல், தட்டையான கூரையில் அடுக்கி வைத்த விறகு. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு என்று தங்கிய வீட்டுப் பேரனிடம் கேட்டேன். பெங்களூரில் ஓட்டல் வேலை பார்த்தவர், அரைகுறைத் தமிழ்கூட வந்தது. "உப்பு, தாய்" என்றார். தூக்கிவாரிப் போட்டது. (தாய் என்றால் அங்கே அண்ணன். பழகுவதற்கு இரண்டு நாள் ஆகும்.)

திபெத்து ஏரிகளிலிருந்து உப்பு மூட்டை மூட்டையாக இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. கீழேயிருந்து அரிசியும் பார்லியும் மேலே போகும். மாற்றுச் சந்தை துக்குச்சே. வியாபாரிகள் தகாலி இனத்தவர். ராணாக்கள் (பரம்பரையாகப் பிரதமர் பதவியில் இருந்த குடும்பம்) ஆட்சியில் உப்பு வரி வசூலிக்கும் குத்தகை தகாலிக் குடும்பங்களிடம் இருந்ததாம். அந்தக் காசில் கட்டிய வீடுகள். 1959-க்குப் பிறகு திபெத்து எல்லை இறுகிப்போனது, தெற்கிலிருந்து இந்திய உப்பும் வந்து குவிந்தது, தொழில் படுத்துவிட்டது. குடும்பங்கள் போக்ராவுக்கும் காத்மாண்டுவுக்கும் இறங்கிப் போய்ச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். இன்று நேபாளத்தில் எந்த ஊரில் நல்ல சாப்பாடு கேட்டாலும் 'தகாலி' என்ற பலகையைத்தான் காட்டுவார்கள்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு வயது எண்பதுக்கு மேல். பித்தளைப் பாத்திரங்கள் பளபளவென்று வரிசையாக இருந்த சமையலறையில் அடுப்போரம் உட்கார வைத்தார். எனக்கு என்ன தொழில் என்று பேரன் சொன்னதும் பாட்டி எழுந்து உள்ளே போய், துணியில் முடிந்த ஒரு கட்டியை எடுத்து வந்தார். லேசாகச் செம்மண் நிறம். "போட்டே நுன்." திபெத்து உப்பு. மாட்டுக்கும் வயிற்றுவலிக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறாராம். உப்புக்காரன் உப்பைச் சுவைக்காமல் விடுவானா? ஒரு துணுக்கை நாக்கில் வைத்தேன். எங்கள் உப்பில் கசப்புத் தண்ணீரைச் சரியாக வடிக்காவிட்டால் அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். இதில் அது இல்லை, மண்வாசம்தான்.

பதிலுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? வாந்திக்கு என்று அம்மா கட்டிக்கொடுத்த உப்பு நார்த்தங்காய் பொட்டலத்தின் அடியில் கல்லுப்பு உதிர்ந்து கிடந்தது. பாட்டி ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே விளைந்தது என்று கேட்டார். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவிடுவோம் என்றேன். பேரன் மொழிபெயர்த்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "சும்மா கிடக்கிற தண்ணீரா? அதற்கு யாரிடம் நெல் கொடுப்பீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளை

நீங்கள் கோயிலை ஒதுக்கினாலும் நான் முக்திநாத்தைத்தான் எழுதப்போகிறேன், மன்னிக்கவும். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், நூற்றெட்டுத் திவ்ய தேசத்தில் ஒன்று. அம்மாவுக்கு 68 வயது. சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராணிபௌவா என்ற ஊரில் வண்டி நிற்கும். அதன் பிறகு நடை, படி. கோயில் இருப்பது 3,700 மீட்டருக்கும் மேலே. சுவர் நெடுக 108 மாட்டுத்தலைக் குழாய்கள், அத்தனையிலும் பனி உருகிய தண்ணீர். அம்மா ஒன்று விடாமல் தலையைக் காட்டினார். கடைசிக் குழாய் தாண்டியதும் உதடு நீலம், தலைவலி, பேச்சு குழறியது. நான் பயந்துபோய் நிற்கையில், மெரூன் அங்கி போட்ட பௌத்தப் பிக்குணி ஒருவர் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவின் ஈரத் துண்டை உருவிப் போட்டுவிட்டுத் தன் கம்பளியைச் சுற்றினார். உள்ளே கூட்டிப்போய் அடுப்பு முன்னால் உட்கார வைத்து, பாதங்களை இரண்டு கையாலும் தேய்த்தார். அம்மா ஆசாரமானவர், யாரும் காலைத் தொட விடமாட்டார். அன்றைக்கு விட்டார்.

அந்த இடத்தைப் பௌத்தர்கள் சுமிக் கியாத்சா என்கிறார்கள், நூறு நீரூற்று என்று பொருள். பக்கத்தில் ஜ்வாலா மாயி சந்நிதியில் தண்ணீரை ஒட்டிப் பூமிக்குள்ளிருந்து வரும் வாயு நீலமாக எரிகிறது. அதைப் பார்த்துக்கொள்பவர்களும் பிக்குணிகள்தான். நாம் பெருமாள் என்று கும்பிடுகிறோம், அவர்கள் வேறு பெயரில் கும்பிடுகிறார்கள், சண்டை ஒன்றும் இல்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: நேராக மேலே ஏறாதீர்கள். ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்குங்கள். எங்கள் பயண ஏற்பாட்டாளர் அதைச் சொல்லவே இல்லை. தலைவலி விடாவிட்டால் மாத்திரையை நம்பாமல் கீழே இறங்கிவிடுங்கள். அம்மாவுக்கு ஜோம்சோம் வந்ததும் தெளிந்துவிட்டது.

லலித்பூர் வாடகைக்காரி

என் கணவர் காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் ஆசிரியராக இருந்தார். 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் நாங்கள் ஊரில் இல்லை, விடுமுறை. திரும்பிப் போனபோது தெருமுனைக் கோயில் செங்கல் குவியலாகக் கிடந்தது. கிட்டத்தட்ட 9,000 பேர் போய்விட்டார்கள். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

செப்டம்பர் 20 அன்று புது அரசியல் சட்டம். இரண்டு மூன்று நாளில் எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியின் மதேசி மக்கள் தங்களுக்கு உரிமை குறைந்துவிட்டது என்று போராடினார்கள். இந்தியா வேண்டுமென்றே வழியை அடைக்கிறது என்றது நேபாளம், நாங்கள் அடைக்கவில்லை என்றது டெல்லி. தெருவில் எல்லோரும் சொன்ன வார்த்தை 'நாகாபந்தி', வழியடைப்பு. பெட்ரோல், காஸ், மருந்து, எல்லாமே ரக்சௌல், பீர்கஞ்ச் போன்ற எல்லைகள் வழியாக வரவேண்டியவை. வடக்கே சீனாவுக்குப் போகும் முக்கிய சாலையைப் பூகம்பம் மூடியிருந்தது. துறைமுகம் இல்லாத நாடு என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். நான் அதைச் சமையலறையில் படித்தேன். சிலிண்டரில் பாதி நிரப்பிக் கொடுத்தார்கள், அதற்கும் வரிசை. மின்சார அடுப்பு வாங்கலாம் என்றால் மின்வெட்டு. 

வீட்டுக்காரம்மா நேவார், காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழங்குடி இனம். அது வரை வாடகை நாளில் மட்டும் பேசுவோம். ஒரு சாயங்காலம் கதவைத் தட்டி, "மேலே வா" என்றார். மொட்டைமாடியில் மூன்று செங்கல் அடுப்பு. எரிந்துகொண்டிருந்தது இடிந்துபோன அவருடைய அண்ணன் வீட்டு ஜன்னல் சட்டம். செதுக்கிய பூவேலை நெருப்பில் தெரிந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "வேலை செய்தவன் போய்விட்டான், வீடு போய்விட்டது, சட்டம் மட்டும் எதற்கு" என்றார். என் பானையும் அவர் பானையும் மாறி மாறி அந்த அடுப்பில் ஏறின. விறகு குறைந்த நாளில் அவல்தான். நேவார் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் அவல் உண்டு, அதனுடன் பொரித்த சோயா, இஞ்சி, உருளைக்கிழங்கு. அடுப்பே வேண்டாத சாப்பாடு. இவர்கள் முற்றுகைக்கு என்றே கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும்.

கடையில் நான் ஹிந்தியில் பேசினால் முகம் திருப்பிக்கொண்ட நாட்கள் அவை. வீட்டுக்காரம்மா என்னைக் கூடவே கூட்டிப்போய், "இவள் டெல்லி இல்லை, மதராஸ்" என்று அறிமுகம் செய்வார். பிப்ரவரியில் வழி திறந்தது. முதல் முழு சிலிண்டர் வந்த அன்று நான் சாம்பார் வைத்து மேலே கொண்டுபோனேன். புளிப்பு என்று சொல்லி ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

பதினைந்து நிமிடம்

சின்ன அனுபவம். அங்கே கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முந்தி. மாற்றாமல் விட்டேன், சித்வன் பேருந்து போய்விட்டது. சரி, அடுத்த சீட்டு வாங்கினால் அதில் வருடம் 2076 என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்று சண்டைக்குப் போனேன். விக்ரம் சம்வத் ஆண்டுதான் அங்கே அரசுக் கணக்கு. அவர்களுக்கும் புத்தாண்டு நம் சித்திரை மாதப் பிறப்பை ஒட்டியே வருகிறது. வார விடுமுறையும் சனிக்கிழமையாக இருந்தது. ஞாயிறு காலையில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தோஹா அறைத்தோழன்

நான் நேபாளம் போனதில்லை. நேபாளம்தான் என் அறைக்கு வந்தது. கத்தாரில் நான்கு பேர் ஓர் அறை; இரண்டு பேர் பாக்லுங் மாவட்டத்துக்காரர்கள். அந்த நாட்டு உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கு ஈடாக வெளிநாட்டுப் பணம் வருகிறது என்பார்கள். அது இவர்கள் முதுகெலும்பிலிருந்து வருவது.

சின்னவனுக்கு 21 வயது. வந்த முதல் வெள்ளிக்கிழமை கார்னிஷ் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அவன் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டுக் காட்டினான். அப்பா அந்தப் பக்கம் நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார், இவன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னடா என்றேன். "அக்கரை எங்கே, காணோமே? பாலம் எப்படிப் போடுவார்கள்?" என்று கேட்டாராம்.

அவனிடம் என் மேதாவித்தனத்தைக் காட்ட, எவரெஸ்டுக்கு நீங்கள் வைத்த பெயரிலேயே கடல் இருக்கிறதே, சாகர்மாதா என்றேன். "சாகர் இல்லை தாய், சகர். வானம். வானத்தின் தலை" என்று திருத்தினான். ஆனால் அந்த உச்சிப் பாறை கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல், அதில் கடலுயிர்களின் எச்சம் இருக்கிறது என்று பிறகு படித்தேன். அவனிடம் சொன்னேன். நம்பவில்லை. நான் தோற்றதை ஈடுகட்டக் கதை விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

மதுரை மேலத்தெரு

எங்கள் தெருவில் இரவில் விசில் ஊதிக் கம்பைத் தட்டிக்கொண்டு போகிறவரை முப்பது வருடமாக 'கூர்க்கா' என்றே கூப்பிட்டோம். பெயர் கேட்டதில்லை. போன வருடம் அப்பா இறந்தபோது சுடுகாடு வரை வந்தார். டீக்கடையில் வைத்து முதல்முறையாகப் பேசினேன். "நான் கோர்க்கா இல்லை சார். கோர்க்கா ஒரு ஊர், எங்களுக்கு ரொம்பக் கிழக்கே. அங்கே நான் போனதே இல்லை" என்றார். அவர் நேபாளத்தின் தூர மேற்கில் அச்சாம் மாவட்டம்.

கோர்க்கா என்ற சிற்றரசின் ராஜா பிருத்வி நாராயண் ஷா 1768-69-இல் காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பிடித்தார். அவர் வம்சம் 2008 வரை அரசாண்டது. ஆங்கிலேயர்கள் அந்தப் படையோடு மோதிப் பார்த்துவிட்டு, 1815-லிருந்து அவர்களையே தங்கள் படையில் சேர்த்தார்கள். அந்தப் பட்டாளப் பெயர் இறங்கி இறங்கி எங்கள் தெரு விசில்காரர் வரை வந்திருக்கிறது. ஊருக்குப் போக அவருக்கு இரண்டு மூன்று ரயில், பன்பசா எல்லை, அப்புறம் மலைப் பேருந்து, கடைசியில் நடை. விசா கிடையாது, 1950 இந்திய-நேபாள ஒப்பந்தம்.

நீ ஏன் பட்டாளத்தில் சேரவில்லை என்று கேட்டேன். "உயரம் பத்தவில்லை" என்றார். தசைன் பண்டிகைக்குக்கூட நான்கு வருடமாகப் போகவில்லையாம். மாதக்கடைசியில் தெருவில் பாதிப் பேர் "நாளைக்கு வா" என்றே சொல்கிறோமே, எந்தக் காசில் போவார். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

உப்பளத்தான், தூத்துக்குடி

தோஹாக்காரரே, உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், அது கதை இல்லை. காளி கண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லும் கடல் பிராணிதான். நத்தைபோல் சுருண்ட அம்மோனைட். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்பு அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்திருக்கிறது. இந்திய நிலம் வடக்கே போய் முட்டியதில் அதன் அடிப்பகுதி மலையாகிவிட்டது.

மதுரைக்காரருக்கு: நேபாளியில் 'நுன்கோ சோஜோ' என்பார்கள், உப்புக்கு நேர்மையாக இருப்பது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் ஊரில் சொல்வதேதான். துக்குச்சே பேரன் சொல்லிக்கொடுத்தது.

அவர்கள் வீட்டில் இப்போது பயன்படுத்துவது இந்தியாவிலிருந்து போகும் அயோடின் உப்பு, பொட்டலத்தில் இரண்டு குழந்தைகள் படம். மலைநாட்டு மண்ணில் அயோடின் குறைவு. முன்பெல்லாம் ஊருக்கு ஊர் கழுத்துக்கழலை சாதாரணம். இந்த உப்பு வந்துதான் குறைந்தது என்று பாட்டியே ஒப்புக்கொண்டார். ஆனால் ருசி இல்லை என்பதை மூன்று தடவை சொன்னார்.

கிளம்பும்போது பேரன் ஆற்றில் பொறுக்கிய ஓர் உடைந்த கருங்கல்லைக் கையில் வைத்தார். உள்ளே வரிவரியாகச் சுருள். பூஜைக்கு ஆகாது, உடைந்தது என்றார். அது இப்போது எங்கள் உப்பளத்துக் கணக்கு மேசையில், பழைய சங்கு ஒன்றின் பக்கத்தில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். சங்கு குளித்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களிடம் வேலைக்கு இருக்கிறார். எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடல் சரக்கு இல்லையே தம்பி, எந்தக் கடல்?" என்றார். நேபாளம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கல்லை இருந்த இடத்தில் வைத்து, பாத்திப் பக்கம் போய்விட்டார்.